மார்த்தாண்டத்து வீட்டிலிருந்து நாகர்கோவில் சர்வருக்கு ஒரு பாக்கெட் எப்படிப் போய்ச் சேர்கிறது

நாகர்கோவிலில் இருக்கும் உங்கள் அலுவலகத்தின் கணக்கு சர்வரை மார்த்தாண்டத்து வீட்டிலிருந்து நீங்களும், ஷார்ஜாவிலிருந்து உங்கள் அண்ணனும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசலை, திறந்துவிட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார் என்றும், வி.பி.என். (பொது இணையத்தின் வழியே தனி நெட்வொர்க்கை நீட்டும் முறை) போட வேண்டும் என்று சொல்லி இன்னொருவர் ஐந்தாறு பெயர்களை அடுக்கிவிட்டுப் போனார் என்றும், அந்தப் பெயர்களுக்குள் என்ன வேறுபாடு, உள்ளே உண்மையில் நடப்பது என்ன என்றும் எழுதியிருந்தீர்கள். நம் மாவட்டத்தில் சிறு அலுவலகங்களுக்கு இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறவன் என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். எந்த நெறிமுறை (கணினிகள் பேசிக்கொள்ளும் விதித்தொகுப்பு) என்பதைக் கடைசியாக முடிவு செய்தால் போதும் என்பது என் கருத்து. நான் பார்த்த இணைப்புகளில் பெரும்பாலான தலைவலிகள் முகவரியிலும் பாதையிலும் பாக்கெட்டின், அதாவது தரவு பயணிக்கும் சிறு பொட்டலத்தின், அளவிலும்தான் வந்திருக்கின்றன. சாவியில்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் மறையாக்கத்தால் ஓர் இணைப்பு நின்றுபோனதாக எனக்கு நினைவில்லை.

முதலாமவர் சொன்னதைச் செய்ய வேண்டாம். தொலைவிலிருந்து ஒரு கணினியின் திரையை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 என்ற போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்துவைப்பது, கடையின் ஷட்டரை இரவில் தூக்கி வைத்துவிட்டு கல்லாப்பெட்டியை மட்டும் பூட்டிவிட்டுப் போவதற்குச் சமம். இணைய முகவரி முறையான ஐ.பி.யின் நான்காம் பதிப்பில் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரே ஒரு கணினியையும் ஒரு கிகாபிட் இணைப்பையும் கொண்டு, அவை அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடங்களுக்குள் பார்த்து முடித்தது. எங்கள் சின்னக் கடையை யார் தேடிவரப் போகிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். தேடி வர வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை.

இனி முகவரி. உங்கள் சர்வரின் முகவரி 192.168.1.10 என்று எழுதியிருந்தீர்கள். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளும் தனியார் பயன்பாட்டுக்கென 1996-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணத்தில் ஒதுக்கப்பட்டவை. எவரும் எவரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் வீட்டுப்பேர் போலத்தான் இது. ‘மேலவிளை வீடு’ என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டால், எந்த ஊர் மேலவிளை வீடு என்று தெரியாமல் கடிதம் திரும்பிவிடும். ஊருக்குள்ளே நின்று கேட்டாலோ சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். இணையத்தின் ரவுட்டர்களும் 192.168.1.10 என்ற முகவரியைப் பார்த்தால் பாக்கெட்டை அப்படியே கீழே போட்டுவிடும். ஆகவே, வெளியில் செல்லுபடியாகாத முகவரி எழுதிய ஒரு பாக்கெட்டை, வெளியில் செல்லுபடியாகும் முகவரி எழுதிய இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புகிறார்கள். வி.பி.என். பயன்படுத்தும் சுரங்க நெறிமுறைகள் அத்தனைக்கும் அடிப்படை இந்த ஒரே வேலைதான்.

சுரங்கம் என்ற சொல் மண்ணுக்கடியில் தனிக் கம்பி ஓடுவதாக ஒரு தோற்றத்தைத் தந்துவிடுகிறது. மாத்தூர் தொட்டிப்பாலம்தான் இதற்கு நெருக்கமான உவமை என்று எனக்குத் தோன்றும். 1966-இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் தொட்டி, பட்டணங்கால்வாய்த் தண்ணீரைப் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குக் கொண்டுபோகிறது. கீழே ஆறு ஓடுகிறது, மேலே கால்வாய் ஓடுகிறது. இரண்டும் ஒரே பள்ளத்தாக்கைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் கலப்பதில்லை. இக்கரையில் தொட்டிக்குள் இறங்கிய தண்ணீருக்கு நடுவில் ஆறு குறுக்கிட்டதே தெரியாது. உங்கள் கணக்கு மென்பொருளுக்கும் அப்படித்தான், நடுவில் இணையம் இருப்பது தெரியாமல், பக்கத்து அறையில் இருக்கும் சர்வரோடு பேசுவதாகவே அது எண்ணிக்கொள்ளும்.

அந்த உவமையில் இன்னொரு வசதியும் உண்டு. தொட்டியின் மேற்புறம் முழுவதும் மூடப்படவில்லை. நடந்து போகிறவர்கள் கான்கிரீட் பலகைகளுக்கு இடையே குனிந்து உள்ளே ஓடும் தண்ணீரைப் பார்க்கலாம். பாக்கெட்டுக்குள் பாக்கெட் வைப்பது வேறு, உள்ளே இருப்பதை மறைப்பது வேறு என்பதை இது நன்றாக விளக்கும். 1994-இல் ஆவணப்படுத்தப்பட்ட ஜி.ஆர்.இ. என்ற நெறிமுறை முதல் வேலையை மட்டும் செய்கிறது, வழியில் இருப்பவர் எவரும் உள்ளே எட்டிப் பார்க்கலாம். எல்2டி.பி. என்ற இன்னொரு சுரங்க நெறிமுறையும் தனியாக நின்றால் அப்படியே. சுரங்கம் என்றாலே பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்வது ஒரு பிழை. மூடி போட்டவை எவை, போடாதவை எவை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பாக்கெட்டைப் பின்தொடர்ந்து போனால் மற்றவை விளங்கும். வி.பி.என். மென்பொருளை இயக்கியவுடன் உங்கள் மடிக்கணினியில் ஒரு பொய்யான நெட்வொர்க் அட்டை உருவாகிறது, அதற்கு 10.20.30.2 என்று ஒரு முகவரி கிடைப்பதாகக் கொள்வோம். கூடவே, அலுவலக முகவரிகளுக்குச் செல்லும் பாக்கெட்டுகளை அந்த அட்டைக்கு அனுப்பு என்று பாதைப் பட்டியலில் ஒரு வரி சேர்கிறது. கணக்கு மென்பொருள் சர்வருக்கு ஒரு பாக்கெட்டை அனுப்பும்போது அது அந்தப் பொய் அட்டைக்குள் போகிறது. அங்கே கம்பியும் இல்லை, அலையும் இல்லை, வி.பி.என். நிரல்தான் காத்திருக்கிறது. நிரல் அதை வாங்கி, மறையாக்கம் செய்து, ஒரு யு.டி.பி. (போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காமல் அனுப்பும் எளிய முறை) பாக்கெட்டுக்குள் வைத்து, வெளியே அலுவலகத்தின் பொது முகவரியை எழுதி, உண்மையான வைஃபை அட்டையின் வழியே இணையத்தில் விடுகிறது. நாகர்கோவிலில் மறுமுனை நிரல் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் பாக்கெட்டை அலுவலக நெட்வொர்க்கில் இறக்கிவிடுகிறது.

இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். திரும்பும் வழியைத்தான் மறந்துவிடுகிறார்கள். சர்வர் தன் பதிலை 10.20.30.2 என்ற முகவரிக்கு அனுப்ப வேண்டும். அது தன் நெட்வொர்க்கில் இல்லாத முகவரி என்பதால், வழக்கம்போல் ரவுட்டரிடம் கொடுத்துவிடும். வி.பி.என். அந்த ரவுட்டரிலேயே இயங்கினால் கவலையில்லை. மூலையில் தனியாக ஒரு சிறு கணினியில் வி.பி.என். இயங்கினாலோ, ரவுட்டருக்கு அந்த முகவரி எங்கே இருக்கிறது என்று தெரியாது, பதில் அங்கேயே தொலைந்துபோகும். போகும் பாக்கெட் ஒழுங்காகப் போய், வரும் பாக்கெட் மட்டும் வராமல் இருப்பதால், மறையாக்கச் சாவியில் பிழை என்று எண்ணி இரண்டு நாள் அதையே மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகவரித் தொகுதிக்கு இன்ன கணினி வழியாகப் போக வேண்டும் என்று ரவுட்டரில் ஒரு நிலையான பாதை எழுதினால் தீர்ந்தது. விண்டோஸ் சர்வரின் ஃபயர்வாலையும், அதாவது எந்தப் பாக்கெட்டை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் காவலையும், பாருங்கள். கோப்புப் பகிர்வு விதிகள் பல அதே நெட்வொர்க்கைச் சேர்ந்தவர்களை மட்டுமே அனுமதிக்கும்படி இருக்கும், சுரங்கத்தில் வருபவர் வேறு தொகுதிக்காரர்.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். பி.பி.டி.பி. என்ற பழைய நெறிமுறை 1999-இல் ஆவணமாக வந்தது, தொலைந்ததை மறுபடி அனுப்பும் டி.சி.பி. முறையின் 1723-ஆம் போர்ட்டையும் ஜி.ஆர்.இ.யையும் சேர்த்துப் பயன்படுத்துவது. அதில் வழக்கமாக வரும் எம்.எஸ்-சாப் இரண்டாம் பதிப்பு என்ற அடையாளச் சோதனையின் பலம் முழுவதும் டி.இ.எஸ். என்ற பழைய மறையாக்க முறையின் 56 பிட் நீளமுள்ள ஒரே ஒரு சாவிக்குள் சுருங்கிவிடுகிறது என்றும், அதை ஒரு நாளுக்குள் உடைத்துவிடலாம் என்றும் 2012-இல் செய்தே காட்டிவிட்டார்கள். ஆப்பிள் 2016-இல் தன் கருவிகளிலிருந்து இதை நீக்கிவிட்டது. பழைய ரவுட்டர்களின் பட்டியலில் இன்னும் முதல் பெயராக இதுவே நிற்கும், தொட வேண்டாம்.

ஐபிசெக் அதைவிட மதிப்புள்ளது. 1990-களில் உருவாகி, இன்றும் பெரிய நிறுவனங்களின் கிளைகளை இணைப்பது பெரும்பாலும் இதுதான். முதலில் ஐ.கே.இ. என்ற பேச்சுவார்த்தை யு.டி.பி. 500-ஆம் போர்ட்டில் நடக்கும். இரு முனைகளும் தங்களை நிரூபித்துக்கொண்டு, டிஃபி-ஹெல்மன் முறையில் ஒரு பொது ரகசியத்தை உருவாக்கிக்கொள்ளும். 1976-இல் வெளியான அந்த முறையின் அழகு, ரகசியம் ஒருபோதும் கம்பியில் பயணிக்காது என்பதுதான். இருவரும் ஆளுக்கொரு பகுதியை வெளிப்படையாகப் பரிமாறிக்கொண்டாலும், ஒட்டுக் கேட்பவரால் முழுமையைக் கட்டியெழுப்ப முடியாது. அதன்பின் தரவு ஈ.எஸ்.பி. என்ற உறையில் போகும். ஈ.எஸ்.பி.க்குப் போர்ட் எண் கிடையாது என்பதால், ஒரே பொது முகவரியைப் போர்ட் எண்களைக் கொண்டு பலருக்குப் பங்கிடும் வீட்டு ரவுட்டர், இது யாருக்கு வந்தது என்று தெரியாமல் விழித்தது. அதைத் தீர்க்கவே ஈ.எஸ்.பி.யையும் யு.டி.பி. 4500-க்குள் வைக்கும் முறை 2005-இல் தரப்படுத்தப்பட்டது. எல்2டி.பி. தனக்கென மூடி இல்லாததால் ஐபிசெக்கின் உள்ளே ஏறிக்கொண்டு வருகிறது. வேலை செய்யும், ஆனால் உறைக்குள் உறையாகப் பளு கூடும், சர்வர் ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் விண்டோஸ் கணினிகளின் உள் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) கைவைக்க வேண்டிவரும். இன்று ஐபிசெக் வேண்டுமென்றால் ஐ.கே.இ. இரண்டாம் பதிப்பையே நேராகப் போடலாம். விண்டோஸிலும் ஆப்பிள் கருவிகளிலும் கூடவே வருகிறது. மோபைக் என்ற அதன் இணைப்பு 2006-இல் வந்தபின், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் சுரங்கம் அறுந்துபோகாது. களியக்காவிளை தாண்டித் தினமும் திருவனந்தபுரம் போய்வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

ஓபன்வி.பி.என்.னை 2001-இல் ஜேம்ஸ் யோனன் வெளியிட்டார். இணையத்தளங்களைக் காக்கும் அதே டி.எல்.எஸ். முறையில் சான்றிதழ் சரிபார்த்து, வழக்கமாக யு.டி.பி. 1194-இல் இயங்கும். ஹோட்டல் வைஃபை போன்ற இடங்களில் யு.டி.பி.யை அடைத்திருந்தால் டி.சி.பி. 443-க்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி, மைக்ரோசாஃப்டின் எஸ்.எஸ்.டி.பி.யும் அதே 443-இல்தான் போகிறது. ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. டி.சி.பி. என்பது தொலைந்த பாக்கெட்டைத் தானே மறுபடி அனுப்பும் நெறிமுறை. உள்ளே ஒரு டி.சி.பி., வெளியே ஒரு டி.சி.பி. என்று இரண்டு அடுக்கானால், மழைக்காலத்தில் இணைப்பு தடுமாறி ஒரு பாக்கெட் தொலையும்போது வெளி அடுக்கு அதை மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும், தாமதம் பொறுக்காத உள் அடுக்கும் அதையே மறுபடி அனுப்பும், வரிசை நீண்டு இரண்டும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நின்றுவிடும். வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் டி.சி.பி. வழியைப் பயன்படுத்துங்கள்.

வயர்கார்டு பிந்தி வந்தது. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 5.6-ஆம் பதிப்பில் சேர்ந்தது. ஏறத்தாழ 4,000 வரி நிரல் என்பதால், ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் படித்துப் பார்க்க முடியும். இதில் பயனர் பெயரும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சாவி ஜோடி (தானே வைத்துக்கொள்ளும் ரகசியச் சாவி, மறுமுனைக்குக் கொடுக்கும் பொதுச் சாவி), எந்தப் பொதுச் சாவிக்கு எந்த முகவரிகள் என்று ஒரு பட்டியல், அவ்வளவே. பேச்சு நடக்கும்போது ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை புதிய சாவி பிறக்கும், பழையது அழிக்கப்படும். ஆகவே நாளை ஒருவர் உங்கள் கணினியைத் திருடினாலும் நேற்றுப் பதிவு செய்த போக்குவரத்தைத் திறக்க முடியாது. அறிமுகமில்லாதவர் தட்டினால் இது பதிலே சொல்லாது, ஆதலால் மேலே சொன்ன ஸீமேப் போன்ற தேடல்களுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியவராது. உங்களைப் போன்ற மூன்று நான்கு பேர் உள்ள அலுவலகத்துக்கு நான் இதையே சொல்வேன். நூறு பேருக்கு மேல், ஆட்கள் வந்துபோகும் நிறுவனம் என்றால் தினமும் சாவி கொடுத்து வாங்குவது சுமையாகிவிடும், அங்கே பயனர் கணக்குகளோடு சேரும் ஐ.கே.இ. இரண்டாம் பதிப்போ ஓபன்வி.பி.என்.னோ பொருந்தும்.

நெறிமுறையைத் தேர்ந்தெடுத்தாலும், அலுவலகத்துக்கு உண்மையான பொது முகவரி ஒன்று இருந்தால்தான் வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுக்கு இறங்க இடம் கிடைக்கும். ஃபைபர் இணைப்பு கொடுக்கும் நிறுவனங்கள் பல, முகவரிப் பற்றாக்குறையால், வாடிக்கையாளர்கள் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்காரவைக்கின்றன, இதற்கு சி.ஜி.நேட் என்று பெயர். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) முகவரி, அதாவது ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்த முகவரி, என்று காட்டுவதைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய தொகுதிக்குள் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் நிலை அதுதான். ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை, ஏனென்றால் வெளிக்கதவு நிறுவனத்திடம் இருக்கிறது. நிலையான முகவரி ஒன்றைக் கட்டணம் கட்டி வாங்கலாம், அதுவே நேர்வழி. இல்லையென்றால் மாத வாடகைக்குக் கிளவுடில் ஒரு சிறு சர்வர் எடுத்து, அலுவலகமும் வீடும் அதை நோக்கி வெளியே அழைக்கும்படி வைக்கலாம். 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட் அனுப்பச் சொல்லும் அமைப்பு வயர்கார்டில் உண்டு, அதைப் போட்டால் நடுவில் முகவரியை மாற்றித் தரும் நேட் வழியை மறக்காது. ஆனால் நடுச் சர்வரில் உறை ஒருமுறை பிரிக்கப்படுகிறது என்பதை மனத்தில் வைத்து அதைப் பூட்டி வையுங்கள். வயர்கார்டின் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் போன்றவை இரு முனைகளையும் நேராகச் சந்திக்கவைக்க முயன்று, முடியாதபோது மறையாக்கம் கலையாமல் இடையில் கடத்திவிடுகின்றன. அமைப்பது எளிது, பதிலாக வெளி நிறுவனம் ஒன்றின் கணக்கை நம்ப வேண்டும்.

அலுவலகத்தின் 192.168.1 என்ற தொகுதியை இப்போதே மாற்றிவிடுங்கள். உங்கள் வீட்டு ரவுட்டரும் அதே தொகுதியில்தான் இருக்கும், அப்படியானால் 192.168.1.10 என்றவுடன் மடிக்கணினி அதை வீட்டுக்குள்ளேயே தேடும், சுரங்கத்தின் பக்கம் திரும்பாது. 192.168.73 என்பது போல எவரும் எடுக்காத ஒன்றை வையுங்கள். பத்துக் கணினிகளையும் பிரிண்டரையும் மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அடுத்தது அளவு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1,500 பைட் வரை போகலாம். ஃபைபர் இணைப்பு பி.பி.பி.ஓ.இ. என்ற உள்நுழைவு முறையில் இருந்தால் அது 8 பைட்டை எடுத்துக்கொள்ள, மீதி 1,492. வயர்கார்டின் உறைக்கு ஐ.பி. நான்காம் பதிப்பில் 60 பைட், ஆறாம் பதிப்பில் 80 பைட் தேவை. வயர்கார்டு வழக்கமாக உள்ளே 1,420 என்று வைத்துக்கொள்ளும். நான்காம் பதிப்பில் 1,480 ஆகி 1,492-க்குள் அடங்கிவிடும், ஆறாம் பதிப்பிலோ 1,500 ஆகிவிடும், பாதையில் 8 பைட் இடம் போதாது. இதன் அறிகுறி விசித்திரமானது: பிங் (மறுமுனை எட்டுகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகும், உள்நுழையும் திரை வரும், பெரிய அறிக்கை ஒன்றைத் திறந்தால் மட்டும் அப்படியே உறைந்து நிற்கும், சிறு பாக்கெட்டுகள் கடந்துபோக, நிரம்பிய பாக்கெட்டுகள் மட்டும் ஓசையின்றி விழுவதால். கருங்கல் பக்கம் ஓர் அலுவலகத்தில் நானே போட்ட இணைப்பில் இது நடந்தது, கணக்கு மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு வாரத்தை வீணாக்கினேன். எம்.டி.யு.வை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1,380 என்று குறைத்தவுடன் சரியாயிற்று.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். கணக்கு மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவி, தரவுக் கோப்புகளை மட்டும் சுரங்கத்தின் வழியே திறப்பவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். ஓர் அறிக்கைக்காக மென்பொருள் ஆயிரம் முறை கோப்பைக் கேட்கிறது, ஒவ்வொரு முறையும் போய்வர 50 மில்லிவினாடி ஆகிறது என்று கொண்டால், காத்திருப்பு மட்டும் 50 வினாடி. இணைப்பை 100 எம்.பி.யிலிருந்து 300 ஆக்கினாலும் இது குறையாது. சர்வரிலேயே மென்பொருள் இயங்கட்டும், சுரங்கத்துக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் திரையை மட்டும் கொண்டுவாருங்கள். அலுவலக முகவரிகளை மட்டும் சுரங்கத்துக்குள் அனுப்பி, மற்ற இணையப் போக்குவரத்தை வீட்டு இணைப்பிலேயே விடுவதும் உங்களுக்குப் போதும். எல்லாவற்றையும் நாகர்கோவில் சுற்றி அனுப்பினால் நீங்கள் பார்க்கும் வீடியோகூட அலுவலகத்தின் அப்லோடு வேகத்தைத் தின்னும்.

சாவியை ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்காமல் கருவிக்கு ஒன்றாகக் கொடுங்கள். கைபேசி தொலைந்தால் அந்த ஒரு வரியை அழித்தால் போதும், மற்றவர்களின் வேலை நிற்காது. உள்ளே வந்தவர் எங்கெல்லாம் போகலாம் என்பதையும் ஃபயர்வாலில் வரையறுத்து, கணக்கு சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மட்டும் வழி விடுங்கள்; சி.சி.டி.வி. பெட்டிக்கும் பிரிண்டருக்கும் அவர் போக வேண்டிய அவசியமில்லை. வி.பி.என். சட்டவிரோதமா என்றும் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் வி.பி.என். அதில் அடங்காது என்று செர்ட்-இன் அமைப்பே விளக்கமும் தந்திருக்கிறது. ஷார்ஜா விஷயம் வேறு. அண்ணன் அங்குள்ள விதிகளையும், தன் முதலாளியின் இணைப்பைப் பயன்படுத்தினால் அவரது அனுமதியையும் முதலில் கேட்டுக்கொள்ளட்டும். அங்கே யு.டி.பி. அடைபட்டிருந்தால் வயர்கார்டு அவருக்கு எழாது, அவர் ஒருவருக்காக மட்டும் டி.சி.பி. 443-இல் ஓர் ஓபன்வி.பி.என்.னையும் அதே பெட்டியில் ஏற்றிவையுங்கள். வான் முகவரியைப் பார்த்து எழுதுங்கள், நிலையான முகவரி வாங்குவதா கிளவுடு சர்வர் எடுப்பதா என்பதை அதன்பின் முடிவு செய்வோம்.